திருமண ஆடையை அணிவிப்பவர் யார்?



மத்தேயு நற்செய்தியின் 22-ஆம் அதிகாரத்தில் வரும் திருமண விருந்து உவமையை வாசிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு முள் உறுத்துவது வழக்கம். அரசன் தன் மகனுக்குத் திருமணம் செய்கிறான். அழைக்கப்பெற்றோர் வரவில்லை. தெருவில் காண்போர் அனைவரையும், நல்லோர் தீயோர் என்று பாராது, அழைத்து வரும்படி பணியாளரை ஏவுகிறான். மண்டபம் நிறைகின்றது. இதுவரை கதை நம் நெஞ்சைக் குளிர்விக்கின்றது. ஆனால் அடுத்து நிகழ்வது என்ன? திருமண ஆடை இல்லாத ஒருவனை அரசன் காண்கிறான். அவனைக் கட்டி வெளியே இருளில் தள்ளும்படி கட்டளை பிறக்கிறது. வழியோடு போனவனை வலிந்து அழைத்து வந்துவிட்டு, அவன் உடுப்பைக் குறை சொல்வது முறைதானா? நம் பங்கு மக்களுள் பலர் இக்கேள்வியை நம்மிடம் கேட்டதுண்டு. நாமும் குருமடத்தில் கற்ற விளக்கங்களைச் சொல்லி அனுப்பியதுண்டு. ஆயினும் முள் முள்ளாகவே இருந்து வந்தது.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பொதுக்காலம் 28-ஆம் ஞாயிறாகிய அன்று திருச்சபை எங்கும் வாசிக்கப்பெற்ற நற்செய்தி இதுவே. நமது பங்கு திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்தது. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாய் இருந்த நிலம் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிய காலந்தொட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைத்தொலைபேசி என இங்கே செய்யப்படாத பொருள் குறைவு. அவற்றைச் செய்யும் கைகளோ தூத்துக்குடியிலிருந்தும், திண்டுக்கல்லிலிருந்தும், விழுப்புரத்திலிருந்தும், ஒடிசா, சார்க்கண்டு மாநிலங்களிலிருந்தும் வந்தவை. அவற்றுள் செபமாலை பிடித்துப் பழகிய கைகளும் உண்டு.

அன்று காலைத் திருப்பலியில், கோவிலின் பின்வாயில் அருகே, தீர்த்தத் தொட்டியை ஒட்டி ஓர் இளைஞர் நின்றிருந்தார். நீல நிற ஆலை உடுப்பு. முழங்கை வரை எண்ணெய்க் கறை. கழுத்தில் அடையாள அட்டை. பெஞ்சில் இடம் இருந்தும் அவர் அமரவில்லை. நற்கருணை வாங்கவும் முன்வரவில்லை. பூசை முடிந்து வாயிலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது, நாம் அவரிடம் சொன்னது இதுதான்:

"தம்பி, கோவிலுக்கு வரும்போது கொஞ்சம் நல்ல உடுப்பாப் போட்டுக்கிட்டு வரலாமே."

"நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றேன் சாமி. ரூமுக்குப் போய்ட்டு வந்தா பூசை முடிஞ்சிரும்."

"சரி, அடுத்த தடவை பார்த்துக்கோ."

"சரி சாமி."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உவமையில் வரும் அரசனின் நியாயத்தை ஐயுற்ற நாமே, அரசனுக்குரிய அதிகாரம் ஏதுமின்றி, ஒருவரை வெளியே தள்ளிவிட்டோம் என்பது நமக்கு உடனே விளங்கவில்லை. விளங்கச் செய்தவர் ஒரு பெண்.

தொப்பி அணிந்த தூது

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை அன்பியக் கூட்டம் நடந்தது. பணிக்கு வரும் பெண்களுக்கு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் கூடியிருந்தோம். ஞாயிறு நற்செய்தியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மாடி அறையிலிருந்து வந்து ஓரமாய் அமர்ந்திருந்த பெண் ஒருவர், தயங்கித் தயங்கி வாய் திறந்தார். அவர் கைத்தொலைபேசி ஆலையில் பணிபுரிபவர். தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் உயிர் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவர்.

"சாமி, எங்க பாடத்துல இதே கதை வரும். உள்ளே போகணும்னா தலையில தொப்பி இருக்கணும். இல்லேன்னா அழிச்சிருவாங்க. ஆனா அந்தத் தொப்பியை அது தானாப் போட்டுக்க முடியாது. இன்னொருத்தர்தான் போட்டுவிடணும்."

பின் தமக்குள் சிரித்தபடி, "தொப்பியைப் பத்திப் படிச்சிட்டு, இப்ப நாள் பூரா தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றார். பட்டம் பெற்ற அறிவு ஒன்று, தூசி படாதிருக்க அணியும் தொப்பிக்குள் ஒளிந்து கிடப்பதை அன்றுதான் அறிந்தோம். அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் படித்துத் தெளிந்ததையும் சேர்த்து இங்கே தருகின்றோம்.

நமது உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. பெரும்பாலான வகை உயிரணுக்களின் நடுவில் உட்கரு என்னும் அறை ஒன்றுண்டு. நமது உடலை ஆக்குதற்குரிய கட்டளைகள் யாவும் டி.என்.ஏ. என்னும் நூலாக அங்கே வைக்கப்பட்டுள்ளன. அந்நூல் அறையை விட்டு வெளியே வருவதில்லை. கணையத்துக்கு இன்சுலின் தேவையெனில், அதற்குரிய பக்கம் மட்டும் படி எடுக்கப்படுகிறது. அப்படியே தூது ஆர்.என்.ஏ. எனப்படுகிறது. அது உட்கருவினின்று வெளியேறி, ரைபோசோம் என்னும் பட்டறையை அடைந்து, அங்கே வாசிக்கப்பட்டு, புரதமாக உருப்பெறுகிறது.

இத்தூது செல்லும் வழி ஆபத்தானது. முனையிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகக் கடித்துத் தின்றுவிடும் நொதிகள் உயிரணுவில் உண்டு. நொதி என்பது என்ன? சோற்றை நெடுநேரம் மென்றால் நாவில் இனிப்புத் தட்டுகிறது அன்றோ? உமிழ்நீரிலுள்ள நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாகச் சிதைப்பதால் விளையும் இனிப்பு அது. தான் மாறாது, பிறிதொன்றை மாற்றும் புரதமே நொதி. சிதைக்கும் நொதிகள் உண்டு. இணைக்கும் நொதிகளும் உண்டு. தூதின் தலையில் தொப்பி அணிவிப்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

கொடுக்குமுன் தன்மேல் ஏற்பது

தொப்பி அணிவிக்கும் பணி மூன்று படிகளில் நடைபெறுகிறது. படி எடுக்கப்பட்டு வெளிவரும் தூதின் முனையில் மூன்று பாஸ்பேட்டுகள் இருக்கும். முதற்படியில் அவற்றுள் ஒன்று வெட்டி நீக்கப்படுகிறது. இரண்டாம் படியில் குவானின் என்னும் எழுத்து ஒன்று அம்முனையில் இணைக்கப்படுகிறது. மூன்றாம் படியில் அவ்வெழுத்தின்மேல் மீத்தைல் என்னும் சிறு முத்திரை பதிக்கப்படுகிறது. நாம் உண்ணும் மீன், முட்டை, பால் முதலியவற்றில் உள்ள மெத்தியோனின் என்னும் பொருளே அம்முத்திரைக்கு மூலம். மனித உடலில் முதலிரு பணிகளையும் ஒரே புரதம் செய்கிறது. மூன்றாவதை வேறொரு புரதம் செய்கிறது.

இவற்றுள் இரண்டாம் படியே நம் உள்ளத்தைக் கவர்ந்தது. இந்நொதி குவானினை எங்கிருந்தோ எடுத்து நேராகத் தூதின்மேல் வைத்துவிடுவதில்லை. முதலில் அதனைத் தன் உடலோடு பிணைத்துக்கொள்கிறது. தன் அங்கமாகிய லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு அதை இறுக இணைத்துக்கொண்டு, அதன் பின்னரே தூதுக்கு அளிக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டூவர்ட் ஷூமன், ஜெரார்ட் ஹர்விட்ஸ் ஆகிய அறிஞர்கள் இந்த இடைநிலையை விளக்கிக் காட்டினர். அணிவிக்கப் போவதைத் தான் முதலில் அணிந்துகொள்கிறது அந்நொதி! தன்னிடம் இல்லாததை ஒருவன் பிறர்க்கு அளிக்க இயலாது என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தனர். உயிரணுவிலும் அதுவே விதி போலும்.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. அணிவிக்கப்படும் குவானின் மற்ற எழுத்துகளைப் போல் வரிசையில் நிற்பதில்லை. தலையோடு தலை மோதினாற்போல் எதிர்முகமாகத் திரும்பி நிற்கிறது. எழுத்தை ஒவ்வொன்றாய்க் கடித்து வரும் நொதிக்கு இம்முனை பல்லுக்கு அகப்படுவதில்லை. தூது பிழைக்கிறது.

வேறொன்றையும் கருதுக. அந்த ஓர் எழுத்து மூல நூலாகிய டி.என்.ஏ.வில் இல்லை. படி எடுத்ததனால் வந்ததன்று. மேலிருந்து கொடையாக வந்தது. மேலும் அது கொடுக்கப்படும் காலமும் குறிக்கத்தக்கது. பல்லாயிரம் எழுத்துகள் நீளும் தூதாயினும், முதல் 20 அல்லது 30 எழுத்துகள் வெளிவந்த உடனேயே தொப்பி அணிவிக்கப்பட்டுவிடுகிறது. தூது முழுவதும் பிறந்து முடியட்டும், அது தகுதியுடையதா என்று பார்ப்போம் என நொதி காத்திருப்பதில்லை. படி எடுக்கும் நொதியின் வாலைப் பற்றியபடி உடன் செல்கிறது. தலை தெரிந்த கணமே தொப்பியை வைக்கிறது.

முத்துகிருஷ்ணன் கண்டது

இத்தொப்பி அறியப்பட்ட ஆண்டு 1975 எனலாம். சப்பானில் கின்-இச்சிரோ மியூரா என்பாரின் குழுவினரும், அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் ஆரன் ஷாட்கின் என்பாரின் குழுவினரும், வைரசுகளின் தூது ஆர்.என்.ஏ.வை ஆராய்ந்தபோது அதன் முனையில் இவ்விந்தை அமைப்பைக் கண்டனர். இரு குழுக்களையும் இணைத்தவர் யசுகிரோ புரூயிச்சி என்னும் சப்பானிய அறிஞர். ஷாட்கின் குழுவில் நம் செவிக்குப் பழகிய பெயர் ஒன்றும் உண்டு: சுப்பரத்தினம் முத்துகிருஷ்ணன். பிற்காலத்தில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர்.

தொப்பி இருக்கிறது என்று அறிந்தால் போதுமா? அது எதற்காக? இக்கேள்விக்கு விடை கண்ட கட்டுரை 1975-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. அதன் ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் முத்துகிருஷ்ணனுடையது. அவர்கள் செய்தது எளிய, ஆயினும் கூரிய சோதனை. கோதுமை முளையிலிருந்து எடுத்த சாற்றில், உயிரணுவின் பட்டறையாகிய ரைபோசோம்கள் இருக்கும். தொப்பியுள்ள தூதை அதில் இட்டால் அது வாசிக்கப்பட்டுப் புரதம் உண்டாகிறது. அதே தூதின் தொப்பியை மட்டும் நீக்கிவிட்டு இட்டால் வாசிக்கப்படுவதில்லை. செய்தி அப்படியே இருக்கிறது; ஓர் எழுத்தும் பிழையில்லை. ஆயினும் பட்டறை அதனை ஏற்பதில்லை. தொப்பியைக் கண்டு பற்றி, தூதைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லும் புரதம் ஒன்று உண்டு என்பது பின்னர் அறியப்பட்டது. தலையில் தொப்பி இல்லையேல் அப்புரதம் பற்றுதற்கு இடமில்லை.

அன்பர்களே, இச்சோதனையைப் படித்தபோது நமக்கு நீல உடுப்பு இளைஞரின் முகம் நினைவுக்கு வந்தது. அவரிடமும் ஒரு செய்தி இருந்திருக்கும். இரவு முழுவதும் நின்று உழைத்தபின், உறக்கத்தை விடுத்துக் கோவிலை நாடி வந்த ஒருவரிடம் செய்தி இல்லாதிருக்குமா? நாம்தான் வாசிக்க மறுத்தோம்.

கையில் உள்ள தழும்பு

இந்நொதியின் வரலாறு நம் ஊருக்கும் அயலானதன்று. பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்திய தழும்பு, 1970-களில் பிறந்தோர் வரை நம்மவர் பலர் கையில் இன்றும் உண்டு; நமது கையிலும் உண்டு. அந்த அம்மைப்பாலில் இருந்தது வாக்சினியா என்னும் வைரசு. பெரியம்மைக் கிருமிக்கு உறவானது, ஆயினும் அதன் கொடுமை இல்லாதது. 1899-இல் நிறுவப்பெற்ற சென்னை கிண்டி கிங் நிலையம், கன்றுகளின் தோலில் அதனை வளர்த்து, அம்மைப்பால் தயாரித்துத் தென்னாடெங்கும் அனுப்பியது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். உலகமே அந்நோயினின்று விடுபட்டது என 1980-இல் உலக நல நிறுவனம் அறிவித்தது.

அதே 1975-இல், அமெரிக்காவில் பெர்னார்ட் மாஸ் என்பாரும் அவர் குழுவினரும், அந்த வாக்சினியா வைரசின் உள்ளிருந்தே தொப்பி அணிவிக்கும் நொதியைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். வைரசுக்கு ஏன் அந்நொதி? உயிரணுவின் உட்கருவுக்குள் செல்லாமல் வெளியிலேயே பெருகும் வைரசு அது. உட்கருவிலுள்ள நொதியின் உதவி அதற்குக் கிட்டாது. ஆகவே தன் தூதுக்குத் தானே தொப்பி அணிவிக்கும் கருவியைத் தன்னோடு கொண்டு வருகிறது. நம் உடலில் இரு புரதங்கள் செய்யும் மூன்று பணிகளையும் அதன் ஒரே நொதி செய்துவிடுகிறது.

கொரோனாக் காலத்தில் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் வந்தன. ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் தூதுக்கும் தொப்பி வேண்டும்; இல்லையேல் உடல் அதை வாசிக்காது. அதனை அணிவிக்கக் கையாளப்படும் வழிகளுள் ஒன்று, வாக்சினியாவின் அந்நொதியைப் பாக்டீரியாக்களைக் கொண்டு ஆக்கிப் பயன்படுத்துவது. பெரியம்மையை ஓட்டிய கிருமியின் கருவியே வேறொரு கொள்ளை நோயை எதிர்க்கவும் உதவிற்று! தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு அடிகோலிய கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகிய இருவருக்கும் 2023-க்குரிய மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, நாம் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான். அவர்களுடைய கண்டுபிடிப்பு தொப்பியைப் பற்றியதன்று; தூதின் எழுத்துகளைச் சற்றே மாற்றி உடலை அமைதியாக ஏற்கச் செய்ததைப் பற்றியது. இந்தியாவிலும் புனே நகரின் ஜெனோவா நிறுவனம் உருவாக்கிய தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022 சூனில் அவசரகால அனுமதி அளிக்கப்பட்டது.

இத்தகைய ஊசி நம் மரபணுவையே மாற்றிவிடும், இறைவன் எழுதியதை மனிதன் திருத்துவது பாவமன்றோ என்று அந்நாள்களில் நம்மிடம் கேட்டோர் பலர். அவர்களுக்கு இங்கே விடை கூறிவிடுவோம். தடுப்பூசியின் தூது உட்கருவுக்குள் செல்வதில்லை. மூல நூலைத் தொடுவதில்லை. பட்டறையில் வாசிக்கப்பட்டபின் எல்லாத் தூதுகளையும் போல் அதுவும் சிதைந்து மறைகிறது. நம் உடலின் தூதுகளுக்கும் பணி முடிந்தபின் தொப்பியைக் கழற்றும் நொதி தனியே உண்டு. அச்சத்தால் மருந்தை மறுப்பது பக்தியாகாது.

தொப்பியைத் திருடுபவன்

இனிக் காவலைப் பற்றிச் சிறிது கூறுவோம். தொப்பி இல்லாத தூதை உயிரணு ஏன் வெறுக்கிறது? பல வைரசுகளின் ஆர்.என்.ஏ. முனையில் மூன்று பாஸ்பேட்டுகள் வெளிப்படையாக நிற்கும். அதனைக் கண்டு பிடிக்கும் காவற்புரதம் உயிரணுவில் உண்டு. கண்டவுடன் அது அபாயச் சங்கு ஊதுகிறது. உடல் போருக்கு எழுகிறது. ஆகவே தொப்பி என்பது 'இது நம்முடையது' என்னும் அடையாளமும் ஆகிறது. ஆலை வாயிலில் அட்டையைக் காட்டாதவனை உள்ளே விடாத காவலரைப் போன்றதே இதுவும். அக்காவல் வேண்டுவதே. 

ஆனால் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் வைரசு என்ன செய்கிறது தெரியுமா? அதனிடம் தொப்பி அணிவிக்கும் நொதி இல்லை. நம் உடலின் தூதுகளைப் பிடித்து, அவற்றின் தொப்பியை முன்முனையோடு வெட்டிக் களவாடி, தன் தூதின் தலையில் வைத்துக்கொள்கிறது! காவலன் தொப்பியைக் கண்டு வழி விடுகிறான். பகைவன் உள்ளே நுழைகிறான். இதனின்று நாம் அறிவது யாது? தொப்பியை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். வெண்ணிற உடுப்பில் முன் பெஞ்சில் அமர்ந்திருப்போர் அனைவரும் திருமண ஆடை அணிந்தவர் அல்லர். எண்ணெய்க் கறையோடு தீர்த்தத் தொட்டியருகே நிற்போர் அனைவரும் அஃது இல்லாதவரும் அல்லர்.

புனித அகுஸ்தீனார் இவ்வுவமைக்கு அளித்த விளக்கம் இங்கே நினைக்கத்தக்கது. திருமண ஆடை என்பது திருமுழுக்கு அன்று, ஏனெனில் அதனை நல்லோரும் தீயோரும் பெற்றுள்ளனர். அன்பே அவ்வாடை என்பது அவர் கருத்து. அப்படியாயின், அன்பு என்னும் ஆடையை மனிதன் எங்கிருந்து பெறுகிறான்? தானே நெய்து கொள்ளுகிறானா? இல்லை. பெற்றோர் அன்பு செய்ததனால் குழந்தை அன்பை அறிகிறது. தனக்கு இல்லாததை இன்னொருவர் அணிவித்ததனாலேயே ஒவ்வொருவரும் அதனைப் பெறுகிறோம். திருமுழுக்கின்போது குழந்தைக்கு வெண்ணிற ஆடை அணிவிக்கிறோம். குழந்தை அதைத் தேர்ந்தெடுப்பதுமில்லை. அதற்குத் தகுதி காட்டுவதுமில்லை. ஞானத்தாயோ ஞானத்தந்தையோ அணிவிக்கிறார். அணிவிப்பவர், அந்த நொதியைப் போல், தாம் முதலில் அதனை அணிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே நம் நெஞ்சின் முள் இப்போது வேறிடத்தில் குத்துகிறது. விருந்தினன் ஏன் ஆடையின்றி வந்தான் என்பதன்று கேள்வி. அரசன் பணியாளரிடம் விருந்தினரை அழைத்து வரச் சொன்னானே, அப்பணியாளர் நாம் அன்றோ? மண்டபத்து வாயிலில் நின்ற நாம் அவனுக்கு ஏன் ஆடை அணிவிக்கவில்லை? கொடுத்தும் மறுப்பவனுக்குத்தான் உவமையின் தண்டனை பொருந்தும். கொடாமலே தள்ளுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. உயிரணு, தொப்பி இல்லாததை அழித்தே ஆகவேண்டும். அதற்கு வேறு வழியில்லை. பங்குக் குடும்பம் அவ்வாறன்று. அடையாள அட்டை கேட்கும் வாயில்கள் இப்பகுதியில் எத்தனையோ உள்ளன. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு வண்ணம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு வண்ணம், பயிற்சி பெறுபவருக்கு ஒரு வண்ணம் என்று பிரிக்கும் இடங்களும் உள்ளன. அட்டையைக் கேளாத வாயில் ஒன்றாவது இச்சாலையில் இருத்தல் வேண்டும்.

ஹோசூரிலிருந்து ஒரு குரல்

நவம்பர் முதல் வாரத்தில் அவ்விளைஞரைத் தேடிச் சென்றோம். கோவிலுக்கு வரும் தொழிலாளர்களை விசாரித்து, ஆறு பேர் தங்கும் ஓர் அறையைக் கண்டுபிடித்தோம். அவர் அங்கில்லை. ஒப்பந்தம் அக்டோபர் இறுதியோடு முடிந்துவிட்டதாம். ஹோசூரில் வேறோர் ஆலையில் சேர்ந்துவிட்டார் என்று உடன் தங்கியவர்கள் கூறினர். அவர்களுள் ஒருவர் தம் தொலைபேசியில் அவரை அழைத்துக் கொடுத்தார். நாம் சொன்னது தவறு என்று கூறி மன்னிப்புக் கேட்டோம்.

"ஐயோ சாமி, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பெரியவங்க சொல்றதுதானே" என்றார்.

அங்கே கோவிலுக்குப் போகிறீர்களா என்று வினவினோம். சிறிது நேரம் பேச்சில்லை.

"போன வாரம் போனேன் சாமி. கம்பெனி டிரஸ்லதான். வெளியதான் நின்னேன். ஒரு அம்மா வந்து, ஏன் தம்பி வெயில்ல நிக்கிற, உள்ள வந்து உட்காருன்னு கூட்டிட்டுப் போனாங்க. அவங்க பிள்ளைங்க பக்கத்துல உட்கார வச்சாங்க."

அந்த அம்மையார் யாரென்று நாம் அறியோம். வேதியியலும் இறையியலும் அவர் கற்றாரோ, இல்லையோ. நாம் செய்யத் தவறியதை அவர் ஒரு வார்த்தையில் செய்து முடித்தார்.

இப்போது நமது கோவிலில் ஞாயிறு முதற்பூசை, இரவுப் பணி முடிந்து வரும் ஆலைப் பேருந்துகளின் நேரத்திற்கு ஏற்ப மாற்றப்பட்டுள்ளது. கை கழுவக் குழாயும், சோப்பும், துவாலையும் பின்வாயிலில் வைக்கப்பட்டுள்ளன. உயிர் வேதியியல் கற்ற அப்பெண், விடுமுறை நாள்களில் பங்குப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்து வருகிறார்.

வாசகக் குடும்பங்களை நாம் வேண்டுவது இதுவே. உங்கள் ஊருக்குப் பிழைக்க வந்த பிள்ளை ஒருவர் அறை கேட்டு வந்தால், முன்பணத்தோடு பெயரையும் ஊரையும் கேளுங்கள். அவர் கோவிலுக்குச் செல்பவராயின் முதல் ஞாயிறன்றே உடன் அழைத்துச் செல்லுங்கள். இரண்டாம் மாதம் பார்த்துக்கொள்வோம் என்று எண்ணாதீர்கள். தொலைவிலுள்ள ஆலைக்கு மகனையோ மகளையோ அனுப்பியுள்ள பெற்றோரே, அங்குள்ள பங்குத் தந்தைக்கு ஒரு வரி எழுதுங்கள். முன் பெஞ்சில் அமர்ந்திருப்போரே, பூசை தொடங்குமுன் ஒருமுறை பின்வாயிலைத் திரும்பிப் பாருங்கள். அங்கே யாரேனும் நின்றால், சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.